ஜெர்மனிக்கு முதல் கார்ப் பயணம்: ஒரு முக்கோணம் போதும்

நான் முதல் தடவை ஸ்டுட்கார்ட்டில் இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்தின் வாசல்வரை போனோம். கதவு பூட்டியிருந்தது. சரி, போர்ஷேக்காவது போவோம் என்று மறுபடி ரயிலேறிப் போனால் அங்கேயும் திங்கட்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் மியூனிக்குக்கு டிக்கெட் போட்டிருந்தோம், மாற்ற வழியில்லை. சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்த வண்டிகள் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க, நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். அந்த வருத்தம் தீர மூன்று வருஷம் ஆனது. இரண்டாவது தடவை போனபோதுதான் பயணம் பயணமாக இருந்தது. இரண்டு தடவையும் சேர்த்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் இன்ஜின் வேலை. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை. கூட வந்தவன் என் தம்பி. ஓட்டுவதில் அவனுக்குத்தான் கை சுத்தம். ஆக ஒருத்தனுக்கு இன்ஜினைக் கிட்டத்தில் பார்க்க ஆசை, இன்னொருத்தனுக்கு ரோட்டில் ஓட்ட ஆசை. திட்டம் போடும்போது இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாதி நாள் பார்க்க, பாதி நாள் ஓட்ட என்று பிரித்துக்கொண்டாலே பல குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் பயணத்தில் எல்லோரும் செய்கிற தவறைத்தான் நாங்களும் செய்தோம். ஃபோக்ஸ்வாகனுக்கு வொல்ஃப்ஸ்பர்க், பந்தயப் பாதைக்கு நூர்பர்க்ரிங், மெர்சிடிஸுக்கும் போர்ஷேக்கும் ஸ்டுட்கார்ட், ஆடிக்கு இங்கோல்ஸ்டாட், பி.எம்.டபிள்யூவுக்கு மியூனிக் என்று எல்லாவற்றையும் எட்டே நாளில் கோத்தோம். கம்பெனிப் பெயர்களைப் பார்த்து ஊர்களை அடுக்கினால் இப்படித்தான் ஆகும். வொல்ஃப்ஸ்பர்க் வடக்கே இருக்கிறது, மியூனிக் தெற்குக் கோடியில். இரண்டுக்கும் நடுவே நாடே கிடக்கிறது. முதல் பயணத்துக்கு ஃபிராங்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், நூர்பர்க்ரிங் என்ற ஒரு முக்கோணம் போதும். கார் பிறந்த மண், கார் முதன்முதலில் நெடுந்தூரம் ஓடிய ரோடு, உலகிலேயே கடினமானது என்று ஓட்டுநர்கள் மதிக்கும் பந்தயப் பாதை, மூன்றும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ வெல்ட் என்ற காட்சிக்கூடமும் அருங்காட்சியகமும் அருமையானவைதான். ஆனால் அவற்றை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள்

தேதியைவிடக் கிழமைதான் முக்கியம். ஸ்டுட்கார்ட்டின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களும் செவ்வாய் முதல் ஞாயிறு வரைதான். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கடைகள் மூடிக்கிடக்கும். சாப்பாட்டுச் சாமான் வேண்டுமென்றால் சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். வாடகைக் கார் நிறுவனங்களின் ஊருக்குள் இருக்கும் கிளைகள் பலவும் சனி மதியத்தோடு பூட்டிவிடுவார்கள். அதே சமயம், ஞாயிறுதான் ஓட்டுவதற்குத் தங்கமான நாள். அன்று இரவு பத்து மணி வரை கனரக லாரிகளுக்கு ரோட்டில் அனுமதி கிடையாது. மற்ற நாளில் வலது தடம் முழுக்க லாரி வரிசையாக இருக்கும் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலை, ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும்.

இதை வைத்து நாங்கள் இரண்டாவது தடவை போட்ட கணக்கு இப்படி. திங்கட்கிழமை ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்டேஷனிலிருந்து ஐ.சி.இ. ரயிலில் ஸ்டுட்கார்ட். செவ்வாய், புதன், வியாழன் அங்கே, எல்லாம் நகர ரயிலில். வெள்ளிக்கிழமை மன்ஹைமுக்கு ரயில், அன்று சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வாடகைக் கார் எடுத்தோம். சனிக்கிழமை பெர்டா பென்ஸ் பாதை, அதாவது முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் நடந்த வழி. ஞாயிறு ஏ61 என்ற ஆட்டோபான் வழியாக நூர்பர்க். திங்கள் சாயங்காலம் நூர்பர்க்ரிங்கின் பழைய பாதையான நோர்ட்ஷ்லைஃபயில் ஒரு சுற்று. செவ்வாய் ஃபிராங்ஃபர்ட்டில் வண்டியை விட்டுவிட்டு விமானம்.

காரை முதல் நாளிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டுட்கார்ட்டில் பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். போர்ஷே அருங்காட்சியகத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனுக்குப் பெயரே நாய்விர்ட்ஸ்ஹவுஸ் போர்ஷேபிளாட்ஸ். மூன்று நாள் வாடகையையும் பார்க்கிங் காசையும் மிச்சம் பிடித்தால், கடைசியில் ஓட்டும் நாட்களுக்கு ஒரு படி நல்ல வண்டி எடுக்கலாம்.

மாதம் என்று கேட்டால் மே கடைசி, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். சாயங்காலம் ஓட்டுவதற்கு அந்த வெளிச்சம் பெரிய வரம். தொழிற்சாலையின் உள்ளே பார்க்க ஆசையிருந்தால் ஆகஸ்டைத் தவிருங்கள். கோடை விடுமுறையில் உற்பத்தி நிற்கக்கூடும். உள்ளே போகும் சுற்றுக்கு வெகு நாள் முன்பே இடம் பிடிக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள், பின்னால் அல்ல.

தாள்கள்

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். அனுமதிப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை.

வாடகைக் காரில் ஒரு விஷயத்துக்காக நாங்கள் அரை நாள் இழந்தோம். வண்டி பதிவு தம்பி பெயரில். முன்பணம் பிடிக்க நீட்டிய கார்டு என் பெயரில், அதுவும் டெபிட் கார்டு. கவுன்டரில் இருந்தவர் முடியவே முடியாது என்றுவிட்டார். யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், அதில் முன்பணத்துக்கு வரம்பும் மீதி இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லையென்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இரண்டு பேர் ஓட்டுவதானால் இரண்டாவது பெயரையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். காப்பீட்டில் ஃபோல்காஸ்கோ என்றால் முழுக் காப்பீடு, ஸெல்ப்ஸ்ட்பெட்டைலிகுங் என்றால் சேதமானால் நம் கையிலிருந்து போகும் தொகை. இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்யுங்கள். அந்தத் தொகையைப் பூஜ்யமாக்க இன்னும் கொஞ்சம் காசு கேட்டால், முதல் தடவை போகிறவர்கள் கொடுத்துவிடுவது நல்லது. மனசு இறுகாமல் ஓட்டலாம்.

இன்னொன்று. ‘கோல்ஃப் அல்லது அதுபோன்றது’ என்று போட்டிருந்தால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரே வரும் என்று நம்பாதீர்கள். வகைதான் நமக்கு உறுதி, மாடல் இல்லை. ஒரு குறிப்பிட்ட காரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், மாடலை உறுதி செய்து தரும் இடத்தில் ஒரே ஒரு நாளைக்கு எடுங்கள். அங்கே வயது வரம்பும் முன்பணமும் கூடுதலாக இருக்கும்.

ஸ்டுட்கார்ட்: மூன்று நாள் கொடுங்கள்

எல்லோரும் நேரே மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு ஓடுவார்கள். நான் சொல்வது, அதற்கு முன்னால் பாட் கன்ஷ்டட் பூங்காவில் இருக்கும் ஒரு சின்னத் தோட்ட வீட்டுக்குப் போங்கள். கோட்லீப் டைம்லர் 1882-இல் அங்கே வீடு வாங்கி, தோட்டத்துக் கொட்டகையைப் பட்டறையாக மாற்றினார். அவரும் வில்ஹெல்ம் மைபாக்கும் கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாக வேலை செய்ய, கள்ளப்பணம் அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் சந்தேகப்பட்டார், போலீஸ் வந்து பார்த்தது என்று ஒரு கதை உண்டு. வந்தவர்கள் கண்டது இன்ஜின் சாமான்களை மட்டும்தான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வேலை மேஜை, சுவரில் கருவிகள், நின்ற நிலையில் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். பார்க்க ஆளுயரக் கடிகாரம் மாதிரி இருப்பதால் அதற்குக் கடிகாரம் என்றே பட்டப்பெயர். என் தொழிலில் தினமும் சிலிண்டரைத் தொடுகிறவன் நான். அதன் முன்னால் நின்றபோது கை தானாக நீண்டது. நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் வடிவமைத்த அந்தக் காலத்து இன்ஜின்கள் நிமிடத்துக்கு இருநூறு சுற்றுகூடத் தாண்டாதவை, அறை நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவை. தீப்பற்ற வைப்பதற்குப் பழுக்கக் காய்ந்த ஒரு சின்னக் குழாயைப் பயன்படுத்தி, இவர்கள் அதை 600 சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். வேகமாகச் சுற்றினால்தான் இன்ஜினைச் சின்னதாகச் செய்யலாம். சின்னதாக இருந்தால்தான் வண்டியில் ஏற்றலாம். கார் என்கிற சாமானே அந்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய அருங்காட்சியகம் கொடுக்காத ஒரு உணர்வை அந்த அறை கொடுத்தது. திறந்திருக்கும் நேரம் குறைவு, முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைப் பார்த்துவிட்டு மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். 2006-இல் திறந்தது, ஒன்பது தளம். லிஃப்டில் உச்சிக்குப் போய், இரண்டு சரிவுப் பாதைகள் ஒன்றையொன்று பின்னிச் சுற்றி இறங்கும் வழியில் கீழே வரவேண்டும். 160 வண்டிகள். லிஃப்ட் திறந்ததும் முதலில் நிற்பது கார் இல்லை, ஒரு வெள்ளைக் குதிரை. அங்கிருந்துதான் 1886 கணக்கு தொடங்குகிறது. கார்ல் பென்ஸ் அந்த வருஷம் ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 37435. அந்த மூன்று சக்கர வண்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள்: படுக்கை வாட்டில் ஒற்றைச் சிலிண்டர், அதன் கீழே தரைக்கு இணையாகச் சுற்றும் பெரிய ஃபிளைவீல். 954 சிசி, முக்கால் குதிரைசக்தி. செங்குத்தாக வைத்த ஃபிளைவீல் வண்டியைத் திருப்பத் தடையாகிவிடும் என்ற பயத்தில்தான் பென்ஸ் அதைப் படுக்க வைத்தாராம். கிராங்க் எல்லாம் மூடாமல் வெளியே தெரியும். எங்களுக்கு அந்த ஒரு வண்டிக்கே முக்கால் மணி நேரம் ஆனது.

இந்த நிறுவனத்தின் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே மொத்தமே இரண்டுதான் செய்தார்கள். ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்பனையானது. கீழே பந்தயக் கார்கள் சரிவில் சாய்ந்து நிற்கும் அறையைக் கடைசி அரை மணியில் ஓடிப் பார்க்காதீர்கள். வெள்ளி அம்புகள் என்று பெயர் பெற்ற கார்கள் அங்கேதான் நிற்கின்றன. காலை திறக்கும் நேரத்துக்குப் போனால் மத்தியானம் தாண்டித்தான் வெளியே வருவீர்கள்.

போர்ஷே அருங்காட்சியகம் ட்ஸுஃபன்ஹவுசனில். கட்டடம் மூன்றே தூண்களில் ஏறி நிற்கிறது. கார்கள் எண்பதைச் சுற்றி. அரை நாள் போதும். ஆனால் கீழ்த் தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பட்டறையை விட்டுவிடாதீர்கள். அருங்காட்சியகத்தின் வண்டிகளை அங்கேதான் பழுது பார்க்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒருவர் பழைய இன்ஜின் ஒன்றின் வால்வு இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி செருகினார். நான் செய்வது போலவே. ரொம்ப நேரம் நின்றேன்.

மூன்றாவது நாள் பக்கத்திலிருக்கும் போப்லிங்கனுக்கு. அங்கே பழைய விமானத் திடலில் மோட்டார்வேர்ல்ட் என்று ஒரு இடம். கார் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியைக் கண்ணாடிப் பெட்டிகளில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நாம் நடந்து பார்த்துக்கொண்டே போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பழுது பார்க்கும் கடைகள், விற்பனைக் கடைகள் எல்லாம் உள்ளேயே.

நம்பர் பிளேட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது ஒரு பைசா செலவில்லாத சந்தோஷம், ஆனால் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் எழுத்து ஊர்: எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், எம் மியூனிக், ஐஎன் இங்கோல்ஸ்டாட், டபிள்யூஓபி வொல்ஃப்ஸ்பர்க். கடைசியில் எச் என்று முடிந்தால் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் நிலையில் பராமரிக்கப்படும் பழைய கார் என்று சான்று பெற்றது. ஈ என்றால் மின்சாரத்தில் ஓடுவது. வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக 04, 10 என்று இருந்தால், அந்த வண்டிக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் ரோட்டில் அனுமதி. குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடக்கும். பின் பிளேட்டில் வட்டமான ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதன் நிறம் அடுத்த தகுதிச் சோதனையின் வருஷம், உச்சியில் வரும் எண் மாதம். ஒரு தெருவில் நின்று இதைப் படித்தாலே, அந்த ஊர்க்காரர்கள் காரை எப்படி நடத்துகிறார்கள் என்பது தெரியும்.

சின்ஸ்ஹைம்

மன்ஹைம், ஹைடல்பர்க் பக்கமிருந்து நகர ரயிலில் போகலாம். அங்கே இருக்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் வருஷத்தில் 365 நாளும் திறந்திருக்கும். கூரைமேல் கான்கார்ட் விமானமும் ரஷ்யாவின் டி.யு.-144-உம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். கார் பிரியர்கள் உள்ளே தேட வேண்டியது ப்ளூ ஃபிளேம். 1970-இல் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய ராக்கெட் கார். மற்றபடி எதையும் விளக்கிச் சொல்லாமல் நெருக்கமாக அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, தம்பிக்குப் பிடிக்கவில்லை.

பெர்டா பென்ஸ் போன வழி

இந்த நாளுக்காகத்தான் நான் திரும்பவும் போனேன். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்டா, கணவருக்குச் சொல்லாமல், மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதற்கு முன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் அங்கேதான் பிறந்தது. மேடு வந்தால் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். அதனால்தான் மேடேறும் கியர் ஒன்று வேண்டும் என்று ஊர் திரும்பியதும் கணவரிடம் சொன்னார். நான் இருபது வருஷமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்து, பழுதைக் கண்டு, திருத்தம் எழுதிய முதல் ஆள் ஒரு அம்மா என்பதை எங்கள் பட்டறையில் வேலை பழக வரும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்கிறேன்.

2008 முதல் இந்த வழி முழுக்கத் தனி வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. போய்வர 194 கிலோமீட்டர். நேவிகேஷன் விட்டால் ஆட்டோபானில் ஏற்றிவிடும், ‘நெடுஞ்சாலையைத் தவிர்’ என்று மாற்றிவிட்டுப் பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். லாடன்பர்க்கில் பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. கார்ல் பென்ஸ் 1929-இல் காலமானதும் அந்த ஊரில்தான். வீஸ்லோக்கில் கட்டாயம் நிறுத்துங்கள். அந்த ஊர் மருந்துக் கடையில்தான் பெர்டா, கறை நீக்கும் லிக்ரோயினை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று கடை வாசலில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ப்ருக்ஸாலில் ஒரு கொல்லர் அவருக்குச் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார்.

வேகமாக ஓட்டும் பாதை இல்லை இது. ஊருக்கு ஊர் 50, நடுநடுவே 30. இந்த 30-இல்தான் நாங்கள் மாட்டினோம். தம்பி 38-இல் போயிருக்கிறான். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அபராதத் தொகை சின்னதுதான். எங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் பிடித்த தொகை அதைவிடப் பெரிது. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்த உடனே 50, அதே பெயர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வந்தால் ஊர் முடிந்தது, வெளியே 100. கேமராவைக் காட்டிக்கொடுக்கும் ஆப்பை ஓட்டுநர் பயன்படுத்துவது அங்கே குற்றம்.

ஊருக்குள் இன்னொரு விதி நம்மைத் தடுமாற வைக்கும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை, அது எவ்வளவு குறுகிய சந்தாக இருந்தாலும். இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்கள் முதல் இரண்டு நாள் பக்கத்தில் இருப்பவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் “வலது, வலது” என்பேன், அவன் “சரிண்ணே” என்பான். பெட்ரோல் போட்டுவிட்டுக் காலி ரோட்டில் ஏறும் நேரம்தான் ஆபத்து. எதிரே வண்டி இல்லாதபோது கை பழைய பக்கத்துக்கே போகும்.

ஆட்டோபான்

வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள். அந்தப் பலகை வந்தால் அதுவரை இருந்த வேக வரம்பு முடிந்தது. எங்கும் எப்போதும் வரம்பில்லை என்று நினைத்துப் போகாதீர்கள். வேலை நடக்கும் இடம், நகரத்தை ஒட்டிய இடம், சத்தம் குறைக்க வேண்டிய இடம் எல்லாம் வரம்பு உண்டு. எங்கள் வழியான ஏ61-இலும் அப்படித்தான், திறந்த பகுதி விட்டுவிட்டு வரும். நீளமாக வேண்டுமென்றால் ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே ஏ81-இல் ஹைல்ப்ரானிலிருந்து வுர்ட்ஸ்பர்க் பக்கம் போய்ப் பாருங்கள். வரம்பில்லாத இடத்திலும் 130 என்பது பரிந்துரை வேகம். அதைத் தாண்டிப் போகும்போது விபத்து நடந்தால், தப்பு அடுத்தவர் மேல் இருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கு நம் தலையில் வரலாம்.

அங்கே வேகத்தைவிட ஒழுங்குதான் என்னை அசத்தியது. எல்லோரும் வலது தடம். முந்தும்போது மட்டும் இடது. முந்தியதும் மறுபடி வலது. வலது பக்கமாக முந்தக் கூடாது. இடது தடத்துக்கு மாறுவதற்கு முன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தால் போதாது. சின்னப் புள்ளியாகத் தெரியும் விளக்கு இரண்டு வினாடியில் பின்னால் வந்து நிற்கும். இரண்டு தடவை பாருங்கள், வேகத்தைக் கணித்துவிட்டு மாறுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி, வேகமானியில் பாதி: 120 என்றால் 60 மீட்டர். தம்பி ஒரு தடவை 190 தொட்டான். இரண்டு நிமிடம்தான், அப்புறம் 140-க்கு வந்துவிட்டான். அந்த வேகத்தில் உடம்பு களைப்பதற்கு முன்னால் கண் களைத்துவிடும் என்றான்.

போக்குவரத்து நெரிசலாகி வேகம் குறையத் தொடங்கியதுமே, நிற்பதற்கு முன்பே, ஆம்புலன்ஸுக்கு நடுவே வழி விட வேண்டும். வலது கையை ஸ்டியரிங்கில் விரித்து வைத்துப் பாருங்கள்: கட்டைவிரல் இடது தடம், அது இடது ஓரம் ஒதுங்கும். மற்ற விரல்கள் மற்ற தடங்கள், எல்லாம் வலது பக்கம் ஒதுங்கும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் வழி. விடாவிட்டால் 200 யூரோ அபராதம், ஒரு மாத ஓட்டத் தடை. பெட்ரோல் தீர்ந்து ஓரம் நிற்பதும் அங்கே குற்றம்தான். பெட்ரோலை நாமே ஊற்றிவிட்டு, பம்ப் எண்ணைச் சொல்லி உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும். காருக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது.

நூர்பர்க்ரிங்

ஏ61-இல் வேர் என்ற இடத்தில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் காடு சூழ்ந்துகொள்ளும். 1927-இல் திறந்த பாதை. பழைய வட்டமான நோர்ட்ஷ்லைஃபயின் நீளம் 20.832 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் சுமார் 300 மீட்டர். பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் பச்சை நரகம் என்று பெயர் வைத்தார். 1976 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இன்னொரு பந்தய வீரர் நிக்கி லௌடாவின் கார் தீப்பிடித்தது இங்கேதான்.

பந்தயம் இல்லாத நாட்களில் பொதுமக்கள் தங்கள் காரில் காசு கட்டி ஓட்டலாம். ஒரு சுற்று 30 யூரோவுக்குக் கொஞ்சம் முன்பின், வார இறுதியில் கூடுதல். பல வார நாட்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் திறப்பார்கள். தேதி முடிவு செய்வதற்கு முன் அதிகாரபூர்வ நாட்காட்டியைப் பாருங்கள், வார நாளையே தேர்ந்தெடுங்கள். வார இறுதியில் கூட்டம், கூட்டத்தில் விபத்து, விபத்தில் பாதை மூடல்.

சாதாரண வாடகைக் காரை உள்ளே கொண்டுபோகாதீர்கள். நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்பந்தமே தடை செய்கிறது, ஏதாவது ஆனால் காப்பீடு கிடையாது. கார் சேதம் மட்டுமில்லை. வளைந்த தடுப்புக் கம்பி, இழுவை வண்டி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வாங்குவார்கள். நூர்பர்க் கிராமத்திலேயே இந்தப் பாதைக்கென்று தயார் செய்த காரை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. செலவு கூடத்தான். முதல் சுற்றுக்குப் பக்கத்தில் பயிற்றுநரை உட்கார வையுங்கள். தம்பி அப்படித்தான் செய்தான். அவர் சொன்ன விதிகள் மூன்றே: வலது ஓரத்திலேயே இரு, பின்னால் வருபவர் இடது பக்கமாக முந்தட்டும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு. நேரம் கணக்கிடுவதும் போட்டி போடுவதும் தடை, சாதாரண ரோட்டு விதிதான் உள்ளேயும். இருபது கிலோமீட்டரை ஒரு நாளில் யாரும் மனப்பாடம் செய்துவிட முடியாது. பல வளைவுகளில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு எந்தத் திசையில் போகிறது என்றே தெரியாது. இறங்கியபோது அவன் கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, “அண்ணே, இன்னும் கொஞ்சம் இங்கேயே உட்காரலாம்” என்றான்.

ஓட்டாதவர்களுக்கு ப்ருன்ஷென் வளைவு. வேலிக்கு வெளியே நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம். ஒரு நாற்காலியும் சூடான காப்பியும் கொண்டுபோனால் அரை நாள் ஓடிவிடும். காடு பூரா இன்ஜின் சத்தம். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே எத்தனை சிலிண்டர் என்று சொல்லிவிடலாம். மேலே நூர்பர்க் கோட்டை இடிபாட்டுக்கும் ஏறிப் பாருங்கள், பாதை சுற்றி வரும் காடு முழுக்கத் தெரியும். குளிர்ச் சட்டை கட்டாயம். ஜூனிலும் அங்கே மழையும் மூடுபனியும் சொல்லாமல் வரும்.

ஊருக்குள் மட்டும் சத்தம் வேண்டாம். நிறுத்தி வைத்துக் காரணமில்லாமல் இன்ஜினை ஓடவிடுவதும், முறுக்குவதும், தெருவில் சும்மா சுற்றிச் சுற்றி வருவதும் அபராதத்துக்குரியவை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எடுத்தபோது செய்த மாதிரியே நாலு பக்கமும், நாலு வீலும், கூரையும், எரிபொருள் முள்ளும் தெரியப் படம் எடுங்கள். கடைசியாக டேங்க் நிரப்பிய ரசீதையும் ஒப்பந்தத்தையும் ஆறு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். எங்களுக்கு அந்த 38-க்கான கடிதம் வந்தபோது, அன்று எங்கே இருந்தோம் என்பதற்குக் கையில் இருந்தது வீஸ்லோக்கில் பெட்ரோல் போட்ட சீட்டு ஒன்றுதான்.